கப்புக்குள் பாதி காற்று

தருமபுரிக் கடைவீதியில் 38 வருடம் மளிகைக் கடை வைத்திருந்தேன். இப்போது கடையை மகன் பார்க்கிறான். நான் திண்ணையில் உட்கார்ந்து உங்கள் கடிதங்களைப் பார்க்கிறேன். போன இதழில் ‘அடுத்த மாதம் உலர்பழம், முந்திரி, பாதாம் பற்றிக் கேட்கலாம்’ என்று ஒரே ஒரு வரி எழுதினேன். மஞ்சள் பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. பாதிக்கு மேல் கேட்டிருப்பது ஒரே சங்கதி: குறிப்பில் கப் என்று இருக்கிறது, கடையில் கிராமில் விற்கிறார்கள், என்ன செய்வது? கிறிஸ்துமஸ் நெருங்குவதைக் காலண்டர் பார்க்காமலே தெரிந்துகொண்டேன்.

கேள்வி: துபாயில் இருக்கும் என் நாத்தனார் பிளம் கேக் குறிப்பு எழுதி அனுப்பினார். கிஸ்மிஸ் 1 கப், நறுக்கிய பேரீச்சை 1 கப், நறுக்கிய உலர் அத்தி 1 கப். கப் என்றால் 240 மில்லி என்றும் எழுதியிருந்தார். ஆகவே ஒவ்வொன்றிலும் 240 கிராம் நிறுத்துப் போட்டேன். வெட்டும்போது கேக் உதிர்ந்துவிட்டது. பழமெல்லாம் அடியில் போய்ப் படிந்திருந்தது. எங்கே தப்பு?
— வாசகி, எலத்தகிரி

பதில்: சகோதரி, உங்கள் கையிலும் தப்பில்லை, நாத்தனார் குறிப்பிலும் தப்பில்லை. மில்லியும் கிராமும் ஒன்று என்று நினைத்ததுதான் தப்பு. அது தண்ணீருக்குச் சரி. பாலுக்கும் ஏறக்குறையச் சரி. திராட்சைக்குக் கொஞ்சமும் சரியில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே வீட்டில் ஒரு காரியம் செய்து பார்த்தேன். 240 மில்லி கப்பில் கிஸ்மிஸைத் தளர்வாக நிரப்பித் தலை தட்டினேன். எடை 147 கிராம். பிறகு அதே கப்பில், திராட்சை இருக்கும்போதே, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். 130 மில்லி தண்ணீர் உள்ளே போனது! நிரம்பி வழிவதாக நாம் நினைக்கும் கப்பில் பாதிக்கு மேல் காற்று. சுருங்கிய பழம் ஒன்றோடொன்று ஒட்டி உட்காராது. சுருக்கத்துக்குள்ளும் இடம், பழத்துக்கும் பழத்துக்கும் நடுவிலும் இடம். நீங்களும் செய்து பார்க்கலாம், ஆனால் ஊற்றிய கையோடு அளந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் விட்டால் திராட்சை தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துக் கணக்கைக் கெடுத்துவிடும்.

கப்பை இரண்டு தட்டுத் தட்டி, விரலால் அழுத்தி நிரப்பினால் அதே கப் 165 கிராம் வரை கொள்ளும். ஆகவே ‘ஒரு கப் கிஸ்மிஸ்’ என்பது அளக்கிறவர் கையைப் பொறுத்து 145-லிருந்து 165 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். அழுத்தச் சொல்லிக் குறிப்பில் தனியாக எழுதாதவரை தளர்வான கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டை நீக்கி நறுக்கிய பேரீச்சையும் உலர் அத்தியும் இதே ரகம்தான், கப்புக்கு 150 கிராம் பக்கத்தில். ஆப்ரிகாட் பாதியாக வெட்டிக் காய்ந்தது என்றால் 130. அது வளைந்து வளைந்து கிடந்து இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இப்போது உங்கள் கேக்குக்கு வருவோம். மூன்று கப் பழம் என்றால் சுமார் 450 கிராம். நீங்கள் போட்டது 720. 270 கிராம் அதிகம். மைதாவும் முட்டையும் வெண்ணெயும் 450 கிராமைத் தாங்கும் அளவுக்குத்தான் இருந்திருக்கும். பழத்துக்கு நடுவே மாவு ஒட்டிப் பிடிக்க இடமே இல்லை. உதிராமல் என்ன செய்யும்? அடியில் படிந்ததற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். ஊறிய பழத்தை வடிகட்டாமல் அப்படியே கொட்டினால் மாவு நீர்த்துப்போகும். நீர்த்த மாவில் பழம் நிற்காது. நன்றாக வடித்து, அளந்து வைத்த மைதாவிலிருந்தே ஒரு கரண்டி எடுத்துப் புரட்டிச் சேருங்கள். இந்த வருடம் 150 கிராம் கணக்கில் போடுங்கள். ஐந்து கிராம் முன்னே பின்னே போனால் கேக் கோபித்துக்கொள்ளாது.

இதே தப்பை நான் கடையில் தலைகீழாகச் செய்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பித்தளைத் தராசு தொங்கிய காலம். தீபாவளிக் கூட்டத்தில் ஒவ்வொன்றையும் நிறுத்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும் என்று ஒரு தகர டப்பா வைத்திருந்தோம். அதில் தலை தட்டிச் சர்க்கரை எடுத்தால் சரியாக அரைக் கிலோ. பலமுறை நிறுத்துப் பார்த்து வைத்த டப்பா. கடைப்பையன் அவசரத்தில் அதே டப்பாவால் கிஸ்மிஸும் அள்ளிப் பொட்டலம் கட்டியிருக்கிறான். மறுநாள் காலை கடை திறந்ததும் ஒரு ஆசிரியை வந்து பொட்டலத்தைத் தராசுத் தட்டில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. நானே கல் போட்டுப் பார்த்தேன். 360 சொச்சம். அரைக் கிலோவுக்குக் காசு வாங்கி 140 கிராம் குறைத்துக் கொடுத்திருக்கிறோம். குறைந்ததையும் கொடுத்து, கொசுறாக ஒரு கைப்பிடி முந்திரியும் கொடுத்து அனுப்பினேன். அவருக்கு முன்னால் அன்றைக்கு எத்தனை பொட்டலம் போனதோ, அதற்கு யாரிடம் போய் நிற்பது? டப்பாவைச் சர்க்கரை மூட்டையோடு சங்கிலி போட்டுக் கட்டிவிட்டேன்.

கேள்வி: தனியாக அளவுக் கப் எதற்கு, ரைஸ் குக்கரோடு வந்த கப் இருக்கிறதே என்று அதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறேன். சரிதானா?
— வாசகர், ஓசூர்

பதில்: குக்கர் கப்பை ஒருமுறை தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள் தம்பி. பெரும்பாலும் 180 மில்லி கோடுதான் இருக்கும். ஜப்பான்காரர்கள் அரிசி அளக்கும் அளவு அது. குக்கரோடு சேர்ந்து நம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சமையல் குறிப்பில் வரும் கப்போ 240 மில்லி. ஆஸ்திரேலியக் குறிப்பென்றால் 250. குக்கர் கப்பில் ஒரு கப் கிஸ்மிஸ் 110 கிராம்தான் வரும்.

மாவு, சர்க்கரை, பழம், பால் எல்லாவற்றையும் அதே கப்பால் அளந்தால் விகிதம் கெடாது, பண்டம் கொஞ்சம் சிறியதாக வரும், அவ்வளவுதான். சிக்கல் முட்டையில் இருக்கிறது. ‘3 முட்டை’ என்று எழுதியிருந்தால் அதை முக்கால் பங்காகக் குறைக்க முடியாது. பேக்கிங் பவுடர் கரண்டிக் கணக்கு, அதுவும் குறையாது. அரிசிக்கு அந்தக் கப்பை வைத்துக்கொள்ளுங்கள், கேக்குக்கு வேண்டாம்.

கேள்வி: ‘கொட்டை நீக்கி நறுக்கிய பேரீச்சை 1 கப்’ என்று குறிப்பு. எங்கள் ஊர்க் கடையில் கொட்டையோடுதான் கிடைக்கிறது. எத்தனை கிராம் வாங்குவது? எண்ணிக்கையில் சொன்னாலும் சரி.
— வாசகி, பாலக்கோடு

பதில்: கொட்டை நீக்கிய சதை 150 கிராம் வேண்டும். பேரீச்சையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஏழில் ஒரு பங்கு வரை கொட்டை. 175 கிராம் வாங்கினால் கடைசிப் பழத்தைக் குழந்தை வாயில் போட்டாலும் போதும்.

எண்ணிக்கையில் சொல்வதுதான் ஆபத்து. சாதாரணச் சிறிய பழம் கொட்டை இல்லாமல் 7, 8 கிராம் இருக்கும்; 20 பழம் தேவை. மெட்ஜூல் என்று பெட்டியில் வருகிறதே, கட்டை விரலைவிடப் பெரியது, அது ஒன்றே 24 கிராம், ஆறு போதும். குறிப்பு எழுதியவர் ‘20 பேரீச்சை’ என்று சிறிய பழத்தை மனத்தில் வைத்து எழுத, நீங்கள் மெட்ஜூலில் 20 போட்டால் மூன்று மடங்கு இனிப்பு.

இன்னொன்று. ‘நறுக்கிய பேரீச்சை ஒரு கப்’ என்பதும் ‘பேரீச்சை ஒரு கப், நறுக்கிச் சேர்க்கவும்’ என்பதும் வேறு வேறு. முன்னதில் நறுக்கிய பிறகு அளக்க வேண்டும். பின்னதில் முழுப் பழமாக அளந்துவிட்டு நறுக்க வேண்டும். பொடியாக நறுக்கினால் இடைவெளி குறைந்து கப்புக்குள் அதிகம் போகும். பேரீச்சைக்குப் பிசுபிசுப்பு வேறு, விரலில் ஒட்டியதை உள்ளே அழுத்தி அழுத்தித் துடைப்போம். எடையில் இந்தத் தொல்லையே இல்லை. முழுசாக 150, நறுக்கினாலும் 150.

தருமபுரிப் பக்கம் இருப்பதால் ஒரு எச்சரிக்கை. அரியாகுளம் தோட்டத்தில் பருவத்தில் மஞ்சளாக, கடித்தால் நறுக்கென்று உடையும் பேரீச்சை கிடைக்கும். எனக்கு மிகவும் பிடிக்கும், அது வேறு விஷயம். அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். காய்ந்த பேரீச்சைக்குப் பதிலாக அதை 150 கிராம் போட்டால் இனிப்பும் இருக்காது, மாவும் இளகிவிடும். தின்பதற்கு வாங்குங்கள்.

கேள்வி: பாட்டியின் நோட்டில் ரவா லட்டுக் குறிப்பு கிடைத்தது. ‘ரவை அரைப் படி, சர்க்கரை அரை வீசை, முந்திரி கால் சேர், திராட்சை 2 பலம், நெய் 1 ஆழாக்கு.’ இதைக் கிலோவுக்கு மாற்றித் தர முடியுமா?
— வாசகி, அரூர்

பதில்: இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நோட்டைப் பத்திரமாக வையுங்கள் அம்மா. பக்கங்களின் ஓரத்தில் தேதி இருந்தால் பாருங்கள். 1965-க்கு முன்னால் என்றால் அது சேலம் ஜில்லாவில் எழுதிய லட்டு. தருமபுரி மாவட்டமே அதற்குப் பிறகுதான் வந்தது.

எடைக் கணக்கு எளிது. ஒரு பலம் 35 கிராம். 8 பலம் ஒரு சேர், அதாவது 280 கிராம். 5 சேர் ஒரு வீசை, 1 கிலோ 400 கிராம். ஆகவே சர்க்கரை 700 கிராம், முந்திரி 70, திராட்சை 70. எவ்வளவு நேர்த்தி பாருங்கள், முந்திரியும் திராட்சையும் சம எடை.

படிக்கணக்கு அவ்வளவு எளிதல்ல. 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி என்ற அடுக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான். படியின் அளவுதான் ஊருக்கு ஊர் மாறியது. சின்னப் படி, பெரிய படி என்று ஒரே சந்தையில் இரண்டும் நடந்திருக்கின்றன. எங்கள் பக்கம் ராகியையும் சாமையையும் வள்ளத்தில் அளப்பார்கள். கேட்டால் ‘எந்த வள்ளம்?’ என்று திருப்பிக் கேட்பார்கள். பாட்டி வீட்டுப் படி பரணில் கிடந்தால் இறக்கித் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் ஆழாக்கு 170-லிருந்து 200 மில்லிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவை 500 கிராமில் தொடங்கலாம். நெய்யை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, லட்டு பிடிக்க வரும்போது நிறுத்துங்கள். பாட்டியும் அப்படித்தான் செய்திருப்பார், நோட்டில் மட்டும் ஆழாக்கு என்று எழுதியிருப்பார்.

குறிப்பில் ஒன்றைக் கவனித்தீர்களா? ரவைக்குப் படி, நெய்க்கு ஆழாக்கு. சர்க்கரை, முந்திரி, திராட்சை மூன்றுக்கும் வீசையும் சேரும் பலமும். பள்ளிக்கூடத்தில் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நான்கு அளவை மனப்பாடம் செய்தோமே, எது எதற்கு எந்த அளவை என்று அந்தம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஒரே மாதிரி உருண்டு உட்காரும் பண்டத்தை முகந்தார். கோணல்மாணலாக இருப்பதையும் விலை அதிகமானதையும் நிறுத்தார். நாம்தான் எல்லாவற்றையும் கப்பில் போட்டுக் குழம்புகிறோம்.

1956-இல் எடை அளவுச் சட்டம் வந்து படிப்படியாகக் கிலோ கட்டாயமானபோது என் அப்பா பலக்கற்களை விற்க மறுத்துவிட்டார். கடையில் வைத்தால் அபராதம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெகு காலம் எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடி மூடிமேல் பாரம் வைக்க அந்த வீசைக்கல்தான்.

கேள்வி: எல்லாக் குழம்புக் குறிப்பிலும் ‘எலுமிச்சை அளவு புளி’ என்கிறார்கள். எந்த எலுமிச்சை? மகன் பெங்களூரில் தனியாகச் சமைக்கிறான், கிராமில் கேட்கிறான்.
— வாசகி, பென்னாகரம்

பதில்: புளியை உலர்பழம் என்று யாரும் நினைப்பதில்லை. நம் மாவட்டத்தின் பெரிய உலர்பழம் அதுதான். வெளியூர்க்காரர்கள் கேக்குக்குத் திராட்சை தேடுகிறார்கள், நாம் ரசத்துக்குப் புளி உருட்டுகிறோம்.

சந்தையில் பத்து எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, ஒவ்வொன்றையும் பார்த்து அதே அளவுக்குக் கொட்டை எடுத்த புளியை உருட்டச் சொன்னேன். உருட்டியவர் என் மனைவி, நிறுத்தது நான். 24 கிராமிலிருந்து 41 கிராம் வரை போனது. பழம் பெரியது சிறியது என்பது ஒரு காரணம். கை அழுத்தம் இன்னொரு காரணம். காலையில் உருட்டிய உருண்டைகள் கனமாகவும் மதியம் உருட்டியவை லேசாகவும் இருந்தன. கேட்டேன். ‘பசி’ என்றாள். பெரும்பாலான உருண்டைகள் 30 கிராமை ஒட்டியே நின்றன. மகனிடம் எலுமிச்சை அளவு என்றால் 30 கிராம், நெல்லிக்காய் அளவு என்றால் 12 என்று சொல்லிவிடுங்கள். நான்கு பேர் ரசத்துக்கு நெல்லிக்காய் போதும், புளிக்குழம்புக்குத்தான் எலுமிச்சை.

ஆனால் இது கொட்டை எடுத்த புளிக்கு. ஓட்டோடு இருக்கும் புளியம்பழத்தில் எடையில் பாதியைவிடச் சற்று அதிகம்தான் சதை. மூன்றில் ஒரு பங்கு கொட்டை, மீதி ஓடும் நாரும். ஓடு உடைத்து, கொட்டையோடு அடைத்து வைத்த புளி என்றால் 30 கிராம் சதைக்கு 50 கிராம் வரை எடுக்க வேண்டும். பையன் பெங்களூரில் என்ன வாங்குகிறான் என்று முதலில் கேளுங்கள்.

அதோடு புதுப் புளி, பழம் புளி பேதம் எந்தத் தராசிலும் தெரியாது. மாசி, பங்குனியில் அடித்த புளி செம்பழுப்பாக, தித்திப்போடு இருக்கும். வருடம் தாண்டினால் கறுத்துப் புளிப்பேறிவிடும். பழம் புளி என்றால் 30-க்குப் பதில் 20, 22 போட்டுச் சுவை பார்த்துக் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். குழம்பில் போட்ட புளியை எடுக்க முடியாது.

கேள்வி: பெருநாளுக்கு ஷீர் குர்மா செய்ய உலர்ந்த பேரீச்சை, கிஸ்மிஸ் எல்லாம் முந்தின இரவே ஊறவைப்போம். அளவு ஊறுவதற்கு முன்னா, பின்னா?
— வாசகி, கிருஷ்ணகிரி பழையபேட்டை

பதில்: முன். ‘ஊறவைத்த’ என்று குறிப்பிலேயே தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய, எப்போதும் முன். கிஸ்மிஸ் ஊறினால் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சமயத்தில் பாதி வரைகூட ஏறும். ஊறியதை 150 கிராம் என்று நிறுத்தால் உண்மையில் 100, 110 கிராம் பழம்தான் பாலில் விழுகிறது. மீதி தண்ணீருக்குத்தான் காசு கொடுத்தீர்கள்.

கேள்வி: முந்திரி, பாதாமுக்கும் கப்புக்கு 150 கிராம் கணக்கே போதுமா?
— வாசகர், ஊத்தங்கரை

பதில்: முழு முந்திரி 130-லிருந்து 140. முழு பாதாம் 140 சொச்சம். சீவிய பாதாம் 90 கிராம்தான், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முந்திரிப் பருப்பு வாங்கும்போது மூட்டையில் 240, 320 என்று எண் இருக்குமே, அது விலையோ தேதியோ இல்லை. ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு அதிகபட்சம் எத்தனை பருப்பு என்ற எண்ணிக்கை. 320 என்றால் ஒரு பருப்பு சுமார் ஒன்றரை கிராம். எண் ஏற ஏறப் பருப்பு சிறுக்கும், விலையும் இறங்கும். பாயசத்தில் வறுத்துப் போட 320 தாராளம். 240 வாங்கிப் பொடி செய்கிறவர்களைக் கண்டால் வியாபாரிக்குச் சந்தோஷம்.

கேள்வி: மாம்பழ கேக் குறிப்பில் 1 கிலோ மாம்பழச் சதை என்று இருக்கிறது. இப்போது பருவம் இல்லை. போன கோடையில் நாங்களே காயவைத்த மாம்பழத் துண்டு இருக்கிறது. எவ்வளவு போடலாம்?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மாம்பழச் சதையில் நூற்றுக்கு 83 பங்கு தண்ணீர். ஒரு கிலோ சதை நன்றாகக் காய்ந்தால் 200 கிராம் பக்கம்தான் மிஞ்சும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கு, 200 கிராம். போன தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்: 800 மில்லி வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்தே அரையுங்கள். சர்க்கரைப் பாகில் தோய்த்துக் காயவைத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. கிளிமூக்கு மாம்பழமாக இருந்தால் இனிப்புக் கொஞ்சம் மட்டாகத்தான் இருக்கும். அதைக் கூழாலைக்கு அனுப்புகிறார்களே தவிர விருந்தாளிக்கு நறுக்கி வைப்பவர்கள் குறைவு. சொன்னால் கிருஷ்ணகிரிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

கேள்வி: சமையலறைக்கு எலக்ட்ரானிக் தராசு வாங்கலாமா? நம்பலாமா?
— வாசகி, காரிமங்கலம்

பதில்: வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். 5 கிலோ வரை தாங்குவதாகவும் ஒரு கிராம் வரை காட்டுவதாகவும் பாருங்கள். அதற்கு மேல் வசதி கேட்டு விலை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

அதில் பாத்திரத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினால் பூஜ்யம் காட்டும். கடைத்தெருவில் இதைத் தடை கட்டுவது என்போம். எண்ணெய்த் தூக்குக்கு எதிர்த்தட்டில் அதே எடைக்குக் கல்லும் புளியங்கொட்டையும் போட்டு முள்ளை நடுவில் நிறுத்திவிட்டுத்தான் எண்ணெய் ஊற்றுவோம். எனக்கு அரை நிமிடம் பிடித்த வேலையை அந்தப் பொத்தான் கண் சிமிட்டும் நேரத்தில் செய்கிறது, கொஞ்சம் பொறாமைதான். ஒரே பாத்திரத்தில் மைதா 120, பொத்தான், சர்க்கரை 200, பொத்தான், கிஸ்மிஸ் 150 என்று போய்க்கொண்டே இருக்கலாம். கழுவ வேண்டிய கப்புகளும் மிச்சம்.

நம்பலாமா என்றால், அரை லிட்டர் தண்ணீரை நல்ல அளவுக் குவளையில் அளந்து, தடை கட்டிய பாத்திரத்தில் ஊற்றிப் பாருங்கள். 500 காட்ட வேண்டும். 510, 490 என்று ஆடினால் முதலில் தரை சமமா என்று பாருங்கள், பிறகு பேட்டரியை மாற்றுங்கள். ஆனால் 3 கிராம் ஏலக்காய், 2 கிராம் சோடா உப்பு என்று அதில் நிறுக்க வேண்டாம். ஒரு கிராம் தராசுக்கு அது முடியாத காரியம், அங்கே கரண்டிதான் சரி. தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15.

கேள்வி: இவ்வளவு கறாராக எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டுப் பாயசத்துக்கும் திராட்சையை நிறுத்தா போடுகிறீர்கள்?
— வாசகர், போச்சம்பள்ளி

பதில்: கேள்வியில் குசும்பு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பேரம் பேசிப் பழகிய ஊர். பாயசத்துக்கு நிறுக்கத் தேவையில்லை. பத்து கிஸ்மிஸ் ஐந்து கிராம்; பத்து அதிகமாக விழுந்தால் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் என் மனைவி கைப்பிடிக் கணக்கில்தான் போடுவாள். போன வெள்ளிக்கிழமை, அவள் கையை டப்பாவுக்குள் விட்ட சமயம் பார்த்து, தராசை நீட்டினேன். 31 கிராம். சும்மா வந்திருக்கும் என்று திரும்பக் கொட்டி மறுபடி அள்ளச் சொன்னேன். 31. மூன்றாம் முறை 30. அவள் தராசைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘பேட்டரி மாற்றுங்கள்’ என்று சொல்லிவிட்டு நெய்யில் போட்டாள்.